மாடு சாகுமா என்று பார்க்க இன்னொரு மாட்டை அவிழ்த்துவிடலாமா?

உசிலம்பட்டிப் பக்கமிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விட்டுவிடுகிறேன். ஒன்றரை ஏக்கர், கிணற்றுப் பாசனம், இரண்டு கறவை மாடுகள், பால் வற்றிப்போன கிழட்டுப் பசு ஒன்று, நாலைந்து ஆடுகள். தையில் விதைத்த சோளநாற்றைப் பங்குனியில் அறுத்திருக்கிறார். அப்புறம் கிணறு கைவிட்டதால், அறுத்தபின் நின்ற அடிக்கட்டையான தாம்பு காய்ந்து கிடந்திருக்கிறது. சித்திரைத் திருவிழா முடிந்த வாரத்தில் இறங்கிய மழைக்கு அது மறுபடி துளிர்த்தது. ஈரம் காய்வதற்குள் அரை மூட்டை யூரியாவைத் தூவியிருக்கிறார். பன்னிரண்டு நாளில் பயிர் முழங்கால் உயரம்.

அந்த நேரத்தில் பக்கத்துக் காட்டிலிருந்து ஒரு சினை மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு உள்ளே வந்து மேய்ந்திருக்கிறது. மாட்டுக்காரர் வேறு யாருமில்லை, வாசகரின் பெரியப்பா மகன். கால் மணி நேரம் மேய்ந்திருக்கும் என்கிறார். பிடித்துக் கட்டின கொஞ்ச நேரத்தில் மாடு நுரை தள்ளியது, வாயைத் திறந்து மூச்சு வாங்கியது, தள்ளாடி விழுந்து காலை உதறியது. பாம்பு தீண்டியிருக்கும் என்று ஒருவர் காதைக் கீறி இரத்தம் விட்டார். இன்னொருவர் புளியைக் கரைத்து ஊற்றினார். ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. யாரும் டாக்டரைக் கூப்பிடவில்லை. பிரேதப் பரிசோதனையும் இல்லை. சாயங்காலமே குழி வெட்டிப் புதைத்துவிட்டார்கள்.

“அவன் வெள்ளையா என்னத்தையோ தூவுனதை என் கண்ணால பார்த்தேன்” என்று மாட்டுக்காரரின் மனைவி, வாசகருக்கு மதினி, சொல்லப்போக, பேச்சு வேறு திசைக்குத் திரும்பிவிட்டது. ஊர்க்கூட்டத்தில் ஒரு பெரியவர், மாட்டைச் சீமைக்கருவேல மரத்தடியில் கட்டியதுதான் காரணம் என்றார். இன்னொருவர் வரப்பில் நிற்கிற அரளியைக் காட்டினார். கடைசியில் ஒரு தீர்ப்பு: “உன் சோளத்துல விஷம் இல்லைன்னா உன் மாட்டை விட்டு மேய விடு. ஊர் பார்க்கட்டும்.” அதற்கு நாளும் குறித்துவிட்டார்கள். இதெல்லாம் நடந்து மூன்று வாரம் ஆகிறது. குறித்த நாளுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.

வாசகர் கேட்பது மூன்று. கிழட்டுப் பசு எப்படியும் அடிமாட்டுக்குப் போகப் போவதுதானே, அதை அவிழ்த்துவிட்டு என் பெயரைக் காப்பாற்றிக்கொள்ளலாமா? வரப்பிலும் கண்மாய்க்கரையிலும் நிற்கிற அரளி, எருக்கு, ஆமணக்கு, காட்டாமணக்கு எல்லாவற்றையும் ஒவ்வொரு பிடி ஆட்டுக்குப் போட்டு எது விஷம் என்று நானே தெரிந்துகொள்ளலாமா? இருக்கிற சோளத்தை உழுதுவிட வேண்டுமா?

பத்திரிகை கைக்கு வர நாளாகும் என்பதால் இந்தப் பதிலைத் தனியாகவும் அவருக்கு அனுப்பிவிட்டேன்.

தம்பி, முதல் கேள்விக்குப் பதில், வேண்டாம். கிழட்டு மாட்டின் மேல் இரக்கப்பட்டு மட்டும் சொல்லவில்லை. அந்தச் சோதனையில் மாடு செத்தாலும் உண்மை தெரியாது, பிழைத்தாலும் தெரியாது. சூடம் அடித்துச் சத்தியம் செய்வதற்குப் பதிலாக மாட்டை வைத்துச் சத்தியம் செய்யச் சொல்கிறார்கள், அவ்வளவுதான். ஏன் என்று சொல்கிறேன். அதற்கு முன்னால் உங்களுக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், உங்கள் சோளம்தான் அந்த மாட்டைக் கொன்றிருக்கிறது என்று நினைக்கிறேன். நீங்கள் கொன்றீர்கள் என்று அதற்கு அர்த்தமில்லை. இந்த இரண்டையும் ஊர் ஒன்றாக்கிவிட்டது. நீங்களும் பயத்தில் அப்படியே எடுத்துக்கொண்டு, சோளத்தில் ஒன்றுமில்லை என்று சாதிக்கப் பார்க்கிறீர்கள்.

குங்குமம் போன்ற இரத்தம்

கடிதத்தின் நடுவில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: “காதைக் கீறினப்போ இரத்தம் குங்குமமாட்டம் வந்தது, கறுக்கவே இல்லை. விஷமாக இருந்தால் கறுத்திருக்குமே என்று கூட்டத்தில் சொன்னேன்.” நீங்கள் உங்களுக்குச் சாதகமாகச் சொன்ன அந்தச் சாட்சிதான் எனக்குச் சோளத்தைக் காட்டிக்கொடுத்தது.

சோளத்தின் இளம் இலையில் துர்ரின் என்றொரு பொருள் இருக்கிறது. இலை முழுதாக இருக்கும்வரை அது சும்மா கிடக்கும். மாடு கடித்து மெல்லும்போது செடியிலேயே இருக்கிற நொதி அதோடு கலந்து ஹைட்ரஜன் சயனைடு என்ற விஷம் பிரிகிறது. அசைபோடும் பிராணிகளின் முதல் வயிற்றில் இருக்கிற நுண்ணுயிர்களும் இந்த வேலையை வேகமாகச் செய்து கொடுத்துவிடும். சயனைடு இரத்தத்தில் ஏறினால் உடம்பின் செல்கள் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ள முடியாமல் போகிறது. இரத்தத்தில் நிறைய ஆக்சிஜன் இருக்கும், வாங்கத்தான் ஆள் இருக்காது. மாடு மூச்சுக்குத் தவிக்கும், இரத்தமோ செக்கச்செவேலென்று இருக்கும். சயனைடின் அடையாளமே அந்தச் சிவப்பு.

உங்கள் பயிர் இருந்த நிலையைப் பாருங்கள். அறுத்த தாம்பு, வறட்சியில் காய்ந்தது, மழைக்குத் திடீரென்று துளிர்த்தது, முழங்கால் உயரம், போதாததற்கு யூரியா. தழைச்சத்து கூடினால் துர்ரினும் கூடும். சோளம் மாட்டுக்கு எப்போது ஆகாது என்று எழுதச் சொன்னால் நான் இதைத்தான் எழுதுவேன். “பங்குனி அறுப்பை என் மாடுகள் ஒரு மாதம் தின்றனவே” என்கிறீர்கள். தின்றிருக்கும். அது பூத்த பயிர். வளர வளர, குறிப்பாகப் பூவுக்கு வந்தபின், இந்த விஷம் குறைந்துகொண்டே போகும். நல்ல வெயிலில் காய்ந்த தட்டையில் இன்னும் குறைவு. ஒரே விதை, ஒரே நிலம், பருவம்தான் வேறு.

கணக்காகவும் சொல்கிறேன். மாட்டின் எடையில் ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 2 மில்லிகிராம் சயனைடு போனால் உயிருக்கு ஆபத்து. 300 கிலோ மாட்டுக்கு 600 மில்லிகிராம். பச்சைத் தீவனத்தில் கிலோவுக்கு 200 மில்லிகிராம் சயனைடு இருந்தாலே அதை ஆபத்தானது என்று வைத்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட சோளத்தில் மூன்று கிலோ போதும். கயிற்றை அறுத்துக்கொண்டு பசியோடு வந்த மாடு கால் மணி, இருபது நிமிடத்தில் தின்றுவிடுகிற அளவு அது.

மதினி பார்த்த வெள்ளைப் பொருள் யூரியாதான். அதை மாடு நேராக நக்கியிருந்தால் அதுவும் விஷமே. ஆனால் அந்தச் சாவு வேறு மாதிரி இருக்கும்: வயிறு உப்பும், கத்தும், முதல் வயிற்றைத் திறந்தால் நவச்சார நெடி தூக்கும். பன்னிரண்டு நாளுக்கு முன் ஈரத்தில் கரைந்துபோனதை எந்த மாடும் நக்க முடியாது. யூரியா போட்ட பயிரில் நைட்ரேட் சேர்ந்தும் மாடு சாவதுண்டு, அப்போது இரத்தம் சாக்லேட் நிறத்தில் பழுப்பாக இருக்கும். குங்குமம் என்று நீங்களே எழுதியிருப்பதால் அதைத் தள்ளி வைக்கலாம்.

மாட்டைக் கேட்டால் என்ன பதில் வரும்

இப்போது அந்தக் கிழட்டுப் பசுவை அவிழ்த்துவிடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கூட்டம் நடக்கிற அன்று பயிருக்கு ஐம்பது நாளுக்கு மேல் ஆகியிருக்கும், இடுப்புக்கு மேல் வளர்ந்து பூவெடுக்கப் பார்க்கும். காலையில் நீங்கள் வைக்கோல் போட்டிருப்பீர்கள், பசு நிதானமாக மேயும். கொஞ்சம் கொஞ்சமாக வருகிற சயனைடை ஈரல் மாற்றிச் சிறுநீரில் தள்ளிவிடும். மாடு பிழைத்துக்கொள்ளும். ஊர் கைதட்டும். அண்ணன் தலைகுனிந்து போவார். அப்புறம் அடுத்த கோடை மழையில், “இந்தச் சோளத்தில் விஷம் இல்லை என்று ஊரே பார்த்தது” என்று நம்பி யாராவது இளந்தாம்பில் மாட்டை விடுவார்கள். அது உங்கள் மாடாகவும் இருக்கலாம்.

செத்துவிட்டால்? “பார்த்தியா, விஷம் வச்சிருக்கான்” என்பார்கள். சோளத்தின் இயல்பான விஷமா, நீங்கள் வைத்ததா என்று மாட்டின் பிணம் பிரித்துச் சொல்லாது.

ஒரு மாடு, ஒரு நாள், ஒரு வயிறு. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு மாடு கிடையாது, தின்ற அளவு தெரியாது, இலையில் எவ்வளவு விஷம் என்று முதலில் அளக்கவும் இல்லை. இதைச் சோதனை என்று சொல்ல எனக்கு நா வரவில்லை.

எனக்கும் இந்த விஷயத்தில் ஒரு பழைய வடு உண்டு. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், ஒரு கண்மாய்க்கரையில் ஐந்து ஆடுகள் ஒரே நாளில் செத்துக் கிடந்தன. ஊரே காட்டாமணக்கு என்றது. நானும் தலையாட்டி அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டேன். நாலு நாள் கழித்து அதே வாய்க்காலில் இன்னும் இரண்டு ஆடுகள் செத்தன. மேலே ஏறிப் போய்ப் பார்த்தால், பருத்திக்கு மருந்தடித்தவர் டப்பாவையும் தெளிப்பானையும் அங்கே கழுவி ஊற்றியிருக்கிறார். காட்டாமணக்கு பேசாது என்பதால் பழி அதன் மேல் விழுந்தது. அன்றிலிருந்து செடியைக் குற்றம் சொல்வதற்கு முன் சுற்றிலும் ஒரு நடை நடந்து பார்த்துவிடுவேன்.

ஆட்டுக்குப் போட்டுப் பார்க்கலாமா?

இந்த ஆசை உங்களுக்கு மட்டும் வந்ததில்லை. செடிகளுக்கு இரட்டைப் பெயர் வைத்த லின்னேயஸ் என்ற ஸ்வீடன் நாட்டு அறிஞர், 1749-இல் தம் மாணவர்களை வைத்து ஊர்ச் செடிகளையெல்லாம் கால்நடைகளுக்குக் காட்டிப் பார்த்தார். மாடு 276 செடிகளைத் தின்றது, 218-ஐ ஒதுக்கியது. ஆடு 449-ஐத் தின்று 126-ஐத்தான் ஒதுக்கியது. நம் ஆட்கள் இதை எண்ணிக்கை போடாமல் பெயரிலேயே எழுதி வைத்தார்கள்: ஆடாதொடை, ஆடுதின்னாப்பாளை. ஆனால் எண்ணிக்கையாகட்டும் பெயராகட்டும், தின்னுமா தின்னாதா என்பதைத்தான் சொல்லும். தின்றால் என்ன ஆகும் என்பது வேறு கேள்வி. பசியும் வறட்சியும் வந்தால் ஒதுக்கினதையும் தின்னும்.

ஆடு தாங்குவதை மாடு தாங்கும் என்பதும் இல்லை. இன்னும் வேடிக்கை, ஓர் ஊர் ஆடு தாங்குவதை இன்னோர் ஊர் ஆடு தாங்காது. நாம் சவுண்டல் என்கிற சூபாபுல் தழையில் மைமோசின் என்ற பொருள் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் அதை நிறையத் தின்ற மாடுகளுக்கு முடி உதிர்ந்தது, கழுத்துச் சுரப்பி வீங்கியது. ஹவாய்த் தீவில் ஆடுகள் அதையே தின்று கொழுகொழுவென்று இருந்தன. ரேமண்ட் ஜோன்ஸ் என்ற ஆய்வாளர் இதைக் கவனித்தார். ஹவாய் ஆட்டின் வயிற்றில் இருந்த நுண்ணுயிரை ஆஸ்திரேலியக் கால்நடைகளின் வயிற்றில் சேர்த்ததும், அவையும் தாங்க ஆரம்பித்தன. விஷத்தை முறித்த அந்த நுண்ணுயிருக்கு 1992-இல் சினர்ஜிஸ்டஸ் ஜோன்சியை என்று அவர் பெயரையே வைத்தார்கள். ஆக, விஷமா இல்லையா என்பதற்குப் பதில் செடியில் பாதி, தின்கிற வயிற்றில் பாதி.

அதைவிடப் பெரிய தடை நாள் கணக்கு. கண்மாய்க்கரையில் ஊதாப் பூ பூத்து நிற்கிறதே நெய்வேலிக் காட்டாமணக்கு, அதை ஒரு பிடி ஆட்டுக்குப் போட்டால் ஒன்றும் ஆகாது. நீங்களும் “விஷம் இல்லை” என்று நோட்டில் எழுதிக்கொள்வீர்கள். வேறு பச்சை இல்லாமல் வாரக்கணக்கில் அதையே தின்ற ஆடுதான் மெலியும், தலை ஆடும், பின்னங்கால் இழுக்கும். அதிலிருக்கிற ஸ்வைன்சோனின் என்ற பொருள் நரம்புச் செல்களைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுக்கிறது. அமெரிக்காவில் லோகோ என்ற களைச்செடியிலும் இதே பொருள்தான். அந்தச் செடி மாட்டைக் கெடுக்கிறதா, வெறும் வதந்தியா என்று அங்கே பல வருடம் சண்டை. 1905-இல் தொடங்கி நாலைந்து வருடம் கொலராடோவில் மார்ஷ் என்பவர் கால்நடைகளை அடைத்து வைத்து மாதக்கணக்கில் தீனி போட்டுப் பார்த்தபிறகுதான், செடிதான் காரணம் என்று நிலைத்தது. நம் பக்கத்தில் பார்த்தீனியத்துக்கும் அப்படித்தான். பெங்களூரு ஆய்வாளர்கள் மாட்டுக்கும் எருமைக்கும் முறையாகக் கொடுத்துப் பார்த்து, தீவனத்தில் அது அதிகமாகக் கலந்தால் உயிரையே எடுக்கும் என்று 1977-இல் எழுதினார்கள். அதெல்லாம் அளந்து, ஒப்பிட்டு, ஆய்வுக்கூடத்தில் செய்த வேலை. ஒரு பிடித் தழையும் ஓர் ஆடும் அதற்கு ஈடாகாது.

அரளியை மட்டும் விளையாட்டுக்கும் தொடாதீர்கள். அது நாள் எல்லாம் எடுக்காது. நாட்டில் நான் பார்த்ததில் மாட்டுக்கு அதைவிடக் கொடிய செடி கிடையாது. இதயத்தின் துடிப்பையே குலைத்துவிடும், பத்து இருபது இலை ஒரு பெரிய மாட்டுக்குப் போதும். பச்சையில் கசப்பு, மாடு தொடாது. காய்ந்தால் கசப்பு தெரியாமல் தின்னும், விஷமோ குறையாமல் அப்படியே இருக்கும். நான்கு வழிச் சாலையின் நடுவில் வெட்டிப் போட்ட அரளிக் கிளையும், கோயில் வாசலில் குப்பையோடு கிடக்கிற அரளி மாலையும் மதுரையில் எத்தனை மாட்டுக்கு முன்னால் கிடக்கின்றன என்று நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது. உங்கள் வரப்பில் உள்ளதை வெட்டினால் அங்கேயே காயப் போடாமல் அப்புறப்படுத்துங்கள். அந்த மாடு செத்தது அரளியால் இருக்குமா என்றால், கிளை ஒடிந்திருந்ததாக நீங்கள் எழுதவில்லை, இரத்தத்தின் நிறமும் நேரமும் சோளத்தோடுதான் ஒத்துப்போகின்றன.

மற்றவை சுருக்கமாக. எருக்கம்பாலும் இதயத்தைப் பாதிக்கிற விஷமே, ஆனால் மாடு அதைத் தேடிப் போவதில்லை. ஆமணக்கில் கொட்டையும், எருவுக்குப் போடுகிற புண்ணாக்கும்தான் பெரிய ஆபத்து. புண்ணாக்கு மூட்டையைத் தொழுவத்தில் வைக்காதீர்கள். சீமைக்கருவேல நிழலில் கட்டினால் மாடு மலடாகும், செத்துப்போகும் என்பதெல்லாம் வாட்ஸ்அப்பில் வளர்ந்த கதை. அந்த மரத்தின் மேல் நிலத்துக்கும் கண்மாய்க்கும் இருக்கிற புகார்கள் வேறு. அதன் நெற்றை மாடும் ஆடும் விரும்பித் தின்னும். வேறு தீனி இல்லாமல் மாதக்கணக்கில் அதையே தின்ற மாடுகளுக்குத் தாடை நரம்பு கெட்டு முகம் கோணிப்போனதைப் பிரேசிலில் பார்த்திருக்கிறார்கள். நிழல் எதையும் கொன்றதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது

நான் வக்கீல் இல்லை. ஆனாலும் எங்கள் தொழிலில் தெரிந்து வைத்திருக்க வேண்டியது கொஞ்சம் உண்டு. கேடு செய்யும் பொருளை வேண்டுமென்றே ஒரு பிராணிக்குக் கொடுப்பது 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம் 11-ஆம் பிரிவின்படி குற்றம். சொந்த மாடு, கிழட்டு மாடு என்ற சலுகை அதில் இல்லை. விலங்கை வைத்துச் சோதனை செய்ய வேண்டுமானால் அதற்கென்று பதிவு பெற்ற நிறுவனமும் நெறிமுறைக் குழுவின் அனுமதியும் வேண்டும். ஊர்க்கூட்டம் அந்த அனுமதியைத் தர முடியாது. கட்டாயப்படுத்தினால் இதைச் சொல்லியே மறுக்கலாம்.

உங்கள் மேல் வருகிற பழியைப் பற்றி: இன்னொருவரின் மாட்டை விஷம் வைத்துக் கொல்வது, 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிற பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவில் வருகிறது, ஐந்து வருடம் வரை தண்டனை. அதற்கு நஷ்டம் செய்யும் எண்ணமோ, நஷ்டம் வரும் என்று தெரிந்தே செய்ததோ இருக்க வேண்டும். சொந்த நிலத்தில் தீவனம் வளர்த்ததும் உரம் போட்டதும் அதில் சேராது. அதனால் பயந்துகொண்டு, “விஷம் வைத்தது நான்தான், இவ்வளவு தருகிறேன்” என்கிற மாதிரி எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். போலீஸ் வரை போனால் வக்கீலைப் பாருங்கள். புதைத்ததைத் தோண்டலாமா என்று யாராவது கேட்டால், இத்தனை நாளுக்குப் பிறகு பயனில்லை. சயனைடு பறந்துபோகிற விஷம், செத்த சில மணி நேரத்துக்குள் வயிற்றுத் தீனியையும் ஈரலையும் காற்றுப் புகாமல் எடுத்து உறைய வைத்தால்தான் கிடைக்கும்.

செடியைக் கேளுங்கள்

மாட்டைக் கேட்காமல் செடியையே கேட்கலாம். பிக்ரேட் சோதனை என்று ஒன்று இருக்கிறது. நறுக்கிய இலையைச் சோதனைக் குழாயில் போட்டு, சில துளி குளோரோஃபார்ம் விட்டு, மருந்தில் நனைத்த மஞ்சள் காகிதத்தை மேலே தொங்கவிட்டு மூடுவோம். சயனைடு வந்தால் மஞ்சள் செங்கல் நிறமாகும். நிறைய இருந்தால் சில நிமிடங்களிலேயே மாறிவிடும். பக்கத்துக் கால்நடை மருந்தகத்திலோ, மாவட்டத்தின் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவிலோ, திருப்பரங்குன்றத்தில் இருக்கிற கால்நடைப் பல்கலைக்கழக மையத்திலோ விசாரியுங்கள். மருந்தை நீங்களே வாங்கிச் செய்ய வேண்டாம், பிக்ரிக் அமிலம் காய்ந்தால் வெடிக்கிற பொருள்.

இப்போது நிற்கிற பயிரை மட்டும் சோதித்தால் போதாது, அது வளர்ந்துவிட்டது. இந்த வாரமே ஓர் ஓரத்தில் ஒரு சென்ட் மட்டும் அறுத்துவிடுங்கள். தாம்பு துளிர்த்து முழங்காலுக்கு வரட்டும், கூட்டத்துக்கு முன்னால் வந்துவிடும். அன்று காலையில் அந்த இளந்துளிரில் ஒரு கை, வளர்ந்த பயிரில் ஒரு கை, தனித்தனி பாலிதீன் பையில் இறுகக் கட்டி ஐஸ் வைத்து டாக்டரிடம் கொண்டுபோங்கள், முடிந்தால் அவரையே கூட்டத்துக்கு அழையுங்கள். இரண்டு குழாய், இரண்டு காகிதம். ஊர் பார்க்க விரும்பியதைப் பார்க்கட்டும்.

உழ வேண்டிய அவசியம் இல்லை. நிற்கிற பயிரைப் பூத்தபின் அறுத்து, நன்றாகக் காயவைத்து, வைக்கோலோடு கலந்து போடுங்கள். இளந்தாம்பில் மட்டும் எந்த மாட்டையும் விடாதீர்கள், பசித்த மாட்டைக் கிட்டேயே விடாதீர்கள். அறுத்த காட்டைச் சுற்றி மாடு வைத்திருப்பவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். இந்த ஒரு வார்த்தையை நீங்கள் இந்த முறை சொல்லவில்லை. சட்டப்படி அது உங்கள் மேல் குற்றமாகாது. அண்ணன் தம்பிக்குள் என்று பார்த்தால், அதற்காக நீங்கள் வருத்தம் தெரிவிப்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. காகிதம் நிறம் மாறினதும் கூட்டத்தில் ஜெயித்த முகத்தோடு நிற்காமல், அன்று சாயங்காலம் மதினி வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேசுங்கள். சினை மாடு போனது அவர்களுக்கு இரட்டை நஷ்டம். மாட்டின் காதில் காப்பீட்டுத் தோடு இருந்ததா, அதை எடுத்து வைத்தார்களா என்றும் கேளுங்கள். பிரேதப் பரிசோதனை இல்லாமல் பணம் வாங்குவது கடினம், ஆனாலும் விசாரிப்பதில் தப்பில்லை.

இன்னொரு மாடு இப்படி விழுந்தால் புளிக் கரைசல் ஊற்ற வேண்டாம். மூச்சுத் திணறுகிற மாட்டுக்குப் புரையேறி நுரையீரலில் போய்விடும். காதைக் கீறவும் வேண்டாம். உடனே கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணான 1962-க்கு அடித்து, “சோளம் மேய்ந்தது” என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். சோடியம் நைட்ரைட்டும் சோடியம் தயோசல்ஃபேட்டும் நரம்பில் ஏற்றினால், கை கால் உதறிக் கிடந்த மாடு எழுந்து நிற்பதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதற்குக் கிடைக்கிற நேரம் சில நேரம் அரை மணிதான். காரணம் தெரியாமல் திடீரென்று செத்த மாட்டின் மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கறுத்த இரத்தம் வந்தால் அதை அறுக்காதீர்கள், தோலும் உரிக்காதீர்கள். அது அடைப்பான் நோயாக இருக்கலாம், மனிதருக்கும் தொற்றும்.

அறுக்கிற அந்த ஒரு சென்ட்டைச் சுற்றி நாளைக்கே முள் வைத்து அடைத்துவிடுங்கள். அண்ணன் வீட்டில் இன்னும் ஒரு கிடேரி நிற்பதாகவும், அதுவும் கயிறு அறுக்கிற ஜாதி என்றும் எழுதியிருக்கிறீர்கள்.